சட்டியைத் திறந்தவள்

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார்கள். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் உபசாரத்துக்குச் சொல்வேன். அவர்கள் செருப்பை இரண்டு தரம் உதறிப் பார்த்துப் போட்டுக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்பார்கள். திருமழிசையில் இருக்கிறவர்களுக்கு எதற்குக் கடைசி பஸ்? நடந்தே போய்விடலாம். எல்லாம் பின்கட்டில் இருந்த தேள்களுக்குப் பயந்துதான். நாத்தனார்கள் வந்து மாசக்கணக்கில் டேரா போடாத வீடு பூந்தமல்லியிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த வகையில் தேள்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும். அவை எனக்குச் செய்தது அது. நான் அவற்றுக்குச் செய்தது வேறு.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்திய காலம் அது. வெள்ளைக்காரன் போவான் என்று சொன்னவர்களைவிடப் போகமாட்டான் என்று சொன்னவர்கள்தான் எங்கள் தெருவில் அதிகம். என் வீட்டுக்காரர் ஊரில் ஒரு வைத்தியசாலையில் கம்பவுண்டர். மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. தேள் கொட்டி வருகிறவர்கள் கொட்டின தேளையும் அடித்து, இலையில் சுருட்டிக் கையோடு கொண்டு வருவார்கள். எந்தத் தேள் என்று தெரிந்தால்தானே வைத்தியம் என்பது அவர்கள் எண்ணம். டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இவர்தான் பிரித்துப் பார்ப்பார். பார்த்துப் பார்த்து, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் பிடிபட ஆரம்பித்தது. அப்புறம் செத்தது போதாமல் உயிரோடு வேண்டுமென்று ஆசை வந்தது. ஆசை வெட்கம் அறியாது என்பார்களே, ஊரெல்லாம் 'தேள் கம்பவுண்டர்' என்று கூப்பிட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

பின்கட்டில் மாடு இல்லாத மாட்டுக் கொட்டகை. அதில் ஒரு நீள பெஞ்சு. எறும்பு ஏறாமலிருக்க அதன் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. பெஞ்சின் மேல் வாயகன்ற மண்சட்டிகள். ஒவ்வொன்றிலும் ஈர மணல், ஒளிந்துகொள்ள ஓர் ஓட்டுத்துண்டு, குடிக்க நனைத்த பஞ்சு. சட்டியின் வாயைப் புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணியால் மூடி, நூலால் சுற்றி, கட்டுப் போடுகிற முடிச்சே போட்டிருப்பார். தட்டையாக, அழுந்தி, அவ்வளவு ஒழுங்காக இருக்கும். சட்டிகளுக்கெல்லாம் தலையில் அடிபட்ட மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன்.

தேள் கொண்டுவந்து கொடுக்கிறவர் பாய். கரையான்சாவடியில் விறகுத் தொட்டி வைத்திருந்தார். மலைப்பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக விறகு வந்து அவர் தொட்டியில் இறங்கும். பட்டையிடுக்கில் என்னென்னவோ சேர்ந்து வரும். பாய்க்கு என் வீட்டுக்காரரைவிடப் பத்து வயது கூட. இரண்டு பேரும் எதில் ஒட்டினார்கள் என்று எனக்கு விளங்கினதில்லை. பொழுது சாயும் நேரம் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார். வாசலிலேயே நின்று, "தங்கச்சி, உன் சக்களத்தி வந்துகீறா, உள்ள வுடலாமா?" என்பார். வரும்போதெல்லாம் எனக்கென்று நாலு கட்டை தனியாக எடுத்து வருவார். "இது புகையாது, இத்தை எரி." உண்மையாகவே புகையாது.

ஒரு நாள் அந்த டப்பாவில் வந்தது வேறு மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் பெரிய கருந்தேளை நட்டுவாக்காலி என்போம். இது அந்த ஜாதிதான், ஆனால் இன்னும் பெரிது. உடம்பு கறுத்த பச்சை. இடுக்கி இரண்டும் மட்டும் செம்மண் நிறம். இவர் விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். மறுவாரம் பட்டணத்துக் காலேஜ் ஒன்றிலிருந்து ஒரு புரொபசரை அழைத்து வந்தார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இந்த வகையை உயிரோடு பார்ப்பது இதுதான் முதல் தடவை, காலேஜில் இருப்பது ஸ்பிரிட்டில் ஊறிய ஒன்றுதான் என்றார். பெட்டை என்றும் சொன்னார். ஓர் ஆண் கிடைத்து, இது குஞ்சு போட்டு, அந்தக் குஞ்சுகள் பிழைத்தால், அதை எழுதிக் காலேஜ் சஞ்சிகையில் என் வீட்டுக்காரர் பெயரோடு போடுகிறேன் என்றார். காலேஜில் உயிருள்ள பிராணிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அதற்கும் சொல்கிறேன் என்றார்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பாரத்தோடு படிப்பை நிறுத்தினவர் அவர். அன்றிலிருந்து மருந்துச் சீட்டின் ஓரத்தில் தன் பெயரை இங்கிலீஷில் எழுதி எழுதிப் பார்ப்பார். அச்சில் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துவிடுவேன்.

ஆணைத் தேடிப் பாய் எட்டு மாசம் ஒவ்வொரு வண்டியையும் தானே நின்று இறக்கினார். கூலியாட்கள் சிரித்தார்களாம். கடைசியில் கிடைத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டையும் ஒரு பெரிய தொட்டியில் விட்டுவிட்டு, இவர் என்னைக் கூப்பிட்டார். கடித்துக் குதறிக்கொள்ளும் என்று பார்த்தால், ஆண் தன் இடுக்கியால் பெட்டையின் இடுக்கியைப் பிடித்துக்கொண்டது. முன்னால் நாலடி, பின்னால் நாலடி. கல்யாணத்தில் கையைப் பிடித்து அக்கினியைச் சுற்றி வருவது போலவே நடந்தன. "நம்ம கல்யாணத்துல கூட நீ இம்மா நேரம் என் கையைப் புடிக்கல" என்றார் இவர். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அன்று நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம்.

அப்புறம் ஒரு வருஷம் போல ஆயிற்று. மனுஷிக்குப் பத்து மாசம், தேளுக்கு அதைவிட அதிகம் என்றால் யார் நம்புவார்கள்? வயிறு பருத்து, பக்கவாட்டில் வெள்ளை தெரிந்தது. தீனி எடுக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் இவர் கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். ஓட்டமென்றால் ஓட்டம், வேட்டி தடுக்கி விழப் பார்த்தார்.

"போட்டுடுச்சி! இருபதுக்கு மேல கீது. எல்லாம் முதுகு மேல ஏறிகினு கீது. நான் பட்டணம் போயி புரொபசரைக் கூட்டிகினு வந்துடறேன். நீ அந்தப் பக்கமே போவாதே. சட்டியைத் தொறக்காதே, இன்னா?"

"ஏன்?"

"ஏன்னா கேக்குறே? தொறக்காதேன்னா தொறக்காதே."

இந்த இடத்தில் அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர்த் தேளைப் பற்றியெல்லாம் புரொபசருக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிற மனிதர், வீட்டில் இருப்பவளுக்கு ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடுவார்? ஆனால் கோபத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

நான் பிறந்தது திருநின்றவூரில். நான் பிறந்த அன்றே என் தாய் போய்விட்டாள். பெரியம்மா வளர்த்தாள். சோறு போட்டாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பாத்திரம் கை நழுவினால் போதும், "தாயை முழுங்கினவதானே" என்பாள். கோபம் இன்னும் அதிகமானால், "தேள் குஞ்சு!" என்பாள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. தேள் குஞ்சு தாயின் முதுகில் ஏறி உட்கார்ந்து, முதுகைத் தின்றே வளரும், தாய் வெறும் ஓடாகிச் சாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓட்டைப் பார்த்திருக்கிறேன் என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. ஏரிக்கரையில் என்னோடு விளையாடின பெண்கள்கூடச் சண்டை வந்தால் அந்தப் பெயரைத்தான் எடுப்பார்கள். கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்த பிறகுதான் அந்த வார்த்தை என் காதில் விழாமல் இருந்தது. இவருக்கு என் தாய் செத்த கதை தெரியும். ஒரு நாளும் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய், முதுகின் மேல் இருபது குஞ்சு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

காலையில் பாய் வந்தார். பஸ்ஸுக்குப் போகிற வழியில் இவர் சேதி சொல்லிவிட்டுப் போனாராம். குஞ்சு போட்ட தாய்க்குப் பசிக்குமே என்று ஒரு சின்ன டப்பாவில் பாச்சை பிடித்து வந்திருந்தார். சட்டியைத் திறக்கக் கூடாதாம் என்று சொன்னேன். "அப்ப வாணாம்" என்று டப்பாவைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். துணி வழியாகக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "அல்லா காப்பாத்துவாரு. பேரு வந்துடும் தங்கச்சி, உன் ஊட்டுக்காரருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டியை விரலால்கூடத் தொடவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோறு வடித்தேன். சாமந்தி தொடுத்தேன். கை வேலை செய்கிறதே தவிர, நினைப்பெல்லாம் கொட்டகையில்தான். அது அசையாமல் கிடக்குமே, வலி சொல்லத் தெரியாதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உச்சிவேளைக்கு எழுந்து போனேன். கட்டை அவிழ்த்தேன்.

தாய் அசையாமல்தான் இருந்தது. அரிசி போல வெள்ளை வெளேரென்று குஞ்சுகள் முதுகை மூடிக்கொண்டிருந்தன. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. தின்கின்றன, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்பது மட்டும்தான் தோன்றியது. ஒரு கோழி இறகை எடுத்து, பஞ்சு பரப்பின கிண்ணத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன், உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். தாய் வாலைத் தூக்கிச் சுழன்றது. நாலைந்து குஞ்சுகள் மணலில் விழுந்தன. அது செம்மண் நிற இடுக்கியை நீட்டி ஒன்றை எடுத்தது. திரும்ப முதுகில் ஏற்றிக்கொள்ளப் போகிறது என்று நினைத்தேன். வாயில் வைத்துக்கொண்டது. அப்புறம் அடுத்ததை எடுத்தது.

கிண்ணத்தில் இருந்ததையெல்லாம் திரும்பக் கொட்டினேன். அதுவும் தப்பு. பாதி அப்போதே துவண்டிருந்தன, மீதியைத் தாய் விடவில்லை. துணியை மூடி நூலைச் சுற்றிக் கட்டிவிட்டு உள்ளே வந்து படுத்துவிட்டேன். அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது.

மாலை நான்கு மணிக்கு இவரும் புரொபசரும் ஜட்காவில் வந்து இறங்கினார்கள். இவர் புதுச்சட்டை போட்டிருந்தார். கொட்டகைக்குள் போனார்கள். நான் வாசற்படியில் நின்றேன். புரொபசர் மெதுவாகச் சொன்னது கேட்டது: யாரோ திறந்து கலைத்திருக்கிறார்கள், குஞ்சு போட்ட தாயைக் கலைத்தால் தன் குஞ்சைத் தானே தின்றுவிடும். இவர் பெஞ்சில் இருந்த பாச்சை டப்பாவைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"யாருனா வந்தாங்களா?"

"பாய் வந்தாரு" என்றேன்.

பொய் இல்லை. பாய் வந்தார்தான். மேலே அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த இரண்டு வார்த்தையோடு ஒரு மனிதரை விற்றுவிட்டேன். அடித்துவிடுவார் என்று பயமா என்று கேட்டால், இல்லை, அவர் கை ஓங்குகிறவர் இல்லை. கதை தெரிந்தும் என்னைத் தேள் குஞ்சு என்று சொல்லாத ஒரே வாயிலிருந்து அந்தப் பெயர் வந்துவிடும் என்று பயந்தேன். அதற்குப் பதில் பாய் திட்டு வாங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புரொபசரை பஸ் ஏற்றிவிட்டு, அப்படியே கரையான்சாவடிக்கு நடந்து போய், கூலியாட்கள் முன்னால் பாயை நிற்க வைத்து இவர் கத்தினாராம். நான் போகவில்லை, தெருவில் சொன்னார்கள். "நான் தொறக்கல கம்பவுண்டரே" என்று பாய் ஒரே ஒரு தரம் சொன்னாராம். அப்புறம் இவர் என்ன சொன்னதற்கோ சட்டென்று வாயை மூடிக்கொண்டாராம். குற்றவாளி என்பதால்தான் வாயடைத்துப் போனார் என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை கிணற்றடியில் இவர் முகம் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "இன்னும் ஒரு வாரம். மொத தோலை உரிச்சிட்டு அதுங்களே எறங்கிப் பூட்டிருக்கும். ஊர்ல தாயைத் தின்னும், தாயைத் தின்னும்னு சொல்றானுங்க பாரு, பொய். வளந்த தேளு உரிச்ச தோலைப் பாத்துட்டுச் சொல்றானுங்க. அதுங்க இன்னா தின்னுச்சி? ஒண்ணும் தின்னல. சும்மா குந்திகினு இருந்துச்சிங்க, பாவம்."

குடத்தை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறந்த நாளிலிருந்து என் மேல் ஏற்றி வைத்திருந்ததை ஒருவர் சும்மா இறக்கிக் கீழே வைத்தது போல இருந்தது. அழுகை வந்தது. தேளுக்காக அழுகிறேன் என்று நினைத்து இவர் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதைவிட நல்ல நேரம் எனக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை.

ஒரு மாசத்தில் தாயும் செத்தது. ஆண் அதற்கு முன்பே போய்விட்டது. மற்றதையெல்லாம் கொண்டுபோய் விட்டுவிட்டு, சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கினார். புரொபசருக்கு இரண்டு கடிதம் போட்டார். முதலாவதற்குப் பதில் வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. ஊர் மட்டும் 'தேள் கம்பவுண்டர்' என்பதை விடவில்லை. வேறு தொட்டியில் விறகு வாங்கினோம். எல்லாம் பச்சை விறகு. ஊதி ஊதி என் கண் எரியும். எரியட்டும் என்று விட்டுவிடுவேன்.

யுத்தம் வந்த பிறகு, ஒரு பகல்பொழுதில் பாய் வந்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாடி நரைத்துவிட்டது. கையில் ஓட்டை போட்ட ஒரு டப்பா. வாசலுக்கு வெளியிலேயே நின்றார். சக்களத்தி கேலியெல்லாம் இல்லை. "நேத்து வண்டியில வந்துச்சி. அதே செவப்பு இடுக்கி. வயிறு ரொம்பிகீது. அவராண்ட குடு."

டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொன்னேன். இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "எடுத்துகினு போவச் சொல்லு" என்றார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வாசலுக்கு வந்தேன். கொடுக்க முடியவில்லை. "பாய், அன்னிக்குத் தொறந்தது நான்" என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது.

பாய் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் தங்கச்சி. அன்னிக்கே தெரியும். கத்தும்போது அவரே சொன்னாரு, 'பூ கட்டுற மாரி முடிச்சி போட்டு வச்சிகீறியே'ன்னு. நான் விறகு கட்டுறவன். எனக்கு எங்க பூ கட்டத் தெரியும்?"

நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன்.

"அங்கியே சொல்லியிருப்பேன். அவ்ளோ பேரு எதிர்ல உன் பேச்சை எடுக்க வாணாம்னு வுட்டேன். நீயே சொல்லுவேன்னு காத்துகினு இருந்தேன். இன்னிக்கு என்னாண்ட சொல்றே. என்னாண்ட சொல்லி இன்னாம்மா? எனக்குத்தான் தெரியுமே. சொல்ல வேண்டியவரு உள்ள குந்திகினு கீறாரு."

டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வருவேன், இவர் எழுந்து வருவார் என்று நினைத்திருப்பார். அதற்கு வேண்டிய நேரம் நின்றார்.

நான் உள்ளே போனேன். சொல்லத்தான் போனேன். கூடத்தில் முறத்தில் பாதி தொடுத்த சாமந்தி இருந்தது. இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தினமும் அவர் எதிரில் உட்கார்ந்துதான் பூக் கட்டுவேன். அந்த முடிச்சு அவருக்குத் தெரியாதா? தெரிந்தே பாய் மேல் பழியைப் போட்டாரா, கோபத்தில் கண் மறைத்துவிட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க இப்போது அவரும் இல்லை, பாயும் இல்லை.

"பூட்டானா?" என்று கேட்டார்.

வாசலில் பாயின் நிழல் இன்னும் இருந்தது.

"போயிட்டாரு" என்றேன்.